தர்மபுரிக்குத் தாய்–சேய் இறப்பு மாதிரிக் கணக்கு: கவரேஜை ஏற்றினாலும் காக்கப்படும் உயிர்கள் ஏன் இவ்வளவு குறைவாக வருகின்றன?

தொப்பையாறு (கேள்வி)

வணக்கம். தர்மபுரி மாவட்டத்துக்கான ஐந்தாண்டுத் தாய்–சேய் நலத் திட்டத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு கேட்கிறார்கள். எந்தச் சேவையை எவ்வளவு கூட்டினால் எத்தனை இறப்பு குறையும் என்று காட்ட வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லைவ்ஸ் சேவ்டு டூலை ஸ்பெக்ட்ரம் மென்பொருள் வழியாகப் பயன்படுத்துகிறேன்.

மென்பொருளோடு வரும் இந்தியா ஃபைலை (கோப்பு) அப்படியே எடுத்து, மக்கள்தொகையை மட்டும் மாவட்டத்துக்குச் சுருக்கி ஓட்டினால் காக்கப்படும் உயிர்கள் மூன்று இலக்கத்தில் வருகின்றன. தமிழ்நாட்டு இறப்பு விகிதங்களைப் போட்டால் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 1 முதல் 4 வயது வரை இறப்பே இல்லை என்கிறது. பிரசவகாலச் சேவைகள் எல்லாவற்றுக்கும் இலக்கு 95 சதவீதம் கொடுத்தும் அந்தப் பகுதியில் பூஜ்யம், ஓரிடத்தில் மைனஸ் கூட வருகிறது.

ஊட்டச்சத்துப் பகுதிக்குக் கவரேஜ் எண்களை (தேவைப்படுவோரில் சேவை கிடைத்தவர்களின் சதவீதம்) எங்கிருந்து எடுப்பது? தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்டத் தாளில் வேண்டிய கட்டங்களில் எல்லாம் நட்சத்திரக் குறிதான் இருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாக ஓட்டிக் கூட்டினால் வரும் தொகை, சேர்த்து ஓட்டினால் வருவதைவிட அதிகம். அறிக்கையில் எதை எழுதுவது?

சின்னாறு

முதல் ஓட்டத்தை மறந்துவிடுங்க. இந்தியா கோப்பில் இருப்பது நாட்டுச் சராசரி. எஸ்.ஆர்.எஸ். (மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை) 2020 படி ஆயிரம் பிறப்புக்குப் பச்சிளங்குழந்தை (ஒரு மாதத்துக்குள்) இறப்பு இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு அங்கே 32, இங்கே 13. கணக்குக்கு வசதியாக மாவட்டத்தில் ஆண்டுக்கு 20,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் தாண்டி ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் நாட்டு எண்படி 240 பேர், மாநில எண்படி 80 பேர். வயிற்றுப்போக்கு, நிமோனியா இரண்டுக்கும் நீங்கள் ஏற்றும் கவரேஜ் முழுக்க இந்தக் கூட்டத்தின் மேல்தான் வேலை செய்யும். நடக்காத இறப்புகளைத் தடுத்ததாக டூல் காட்டியிருக்கிறது.

1–4 வயதில் இறப்பே இல்லை என்பது உள்ளீட்டின் கோளாறு. எஸ்.ஆர்.எஸ். 2020-இல் தமிழ்நாட்டின் சிசு (ஒரு வயதுக்குட்பட்டோர்) மரண விகிதம் 13, ஐந்து வயதுக்குட்பட்டோர் விகிதமும் 13. எல்லாம் முழு எண்ணாக அச்சிட்டவை. டூல் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது, மிச்சம் பூஜ்யம். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், நிமோனியா மருந்து எதை ஏற்றினாலும் அந்த வயதில் ஒன்றும் நகராது. இதைச் சரிசெய்ய வயதுவாரிப் பங்கை மட்டும் குடும்பநல ஆய்விலிருந்து எடுங்க. அதன் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுக்குப் பச்சிளங்குழந்தை 12.7, சிசு 18.6, ஐந்து வயதுக்குட்பட்டோர் 22.3 என்று மூன்று விகிதங்கள் இருக்கின்றன. சிசு மரணத்தை 13 என்றே வைத்து, 22.3-ஐ 18.6-ஆல் வகுத்த விகிதத்தால் பெருக்கினால் ஐந்து வயதுக்குட்பட்டோர் விகிதம் 15.6. அப்போது அந்த 80 பேர் 132 ஆகிவிடும். குடும்பநல ஆய்வின் எண்களையே முழுசாகப் போட்டால் 192. அந்த ஆய்வு பேசுவது முந்தைய ஐந்தாண்டுச் சராசரி, கூடவே மாதிரிப் பிழையும் உண்டு. அதனால் எஸ்.ஆர்.எஸ்.-ஐக் கீழ் எல்லையாகவும் இதை மேல் எல்லையாகவும் வைத்து இரண்டு கோப்பாக ஓட்டுங்க. மாவட்ட அளவில் எஸ்.ஆர்.எஸ். எண் வெளியிடுவதில்லை என்பதால் வேறு வழி இல்லை.

மைனஸ் வந்த இடம் பெரும்பாலும் மருத்துவமனைப் பிரசவக் கட்டமாக இருக்கும். தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே 99.6 சதவீதம். இலக்கு 95 என்று போட்டால் கவரேஜைக் குறைக்கிறீர்கள் என்றுதான் டூல் புரிந்துகொள்ளும். உள்ளே ஓடும் சூத்திரம் இதுதான்:

குறையும் பங்கு = பலன் × (புதிய கவரேஜ் − பழைய கவரேஜ்) ÷ (1 − பலன் × பழைய கவரேஜ்) × பொருந்தும் பங்கு

பழைய கவரேஜால் ஏற்கெனவே தடுக்கப்பட்ட இறப்புகள் இன்றைய இறப்புக் கணக்கில் இல்லை. கீழே வகுப்பது அதற்காகத்தான். பலன் என்பது சேவை கிடைத்தவர்களில் அந்தக் காரண இறப்பு எத்தனை பங்கு குறையும் என்பது. பொருந்தும் பங்கு என்பது அந்தக் காரணத்தால் இறப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சேவை உதவவே முடியும் என்பது. பழைய கவரேஜ் 99.6 என்றால் அடைப்புக்குறிக்குள் எதுவும் மிஞ்சாது.

பிறப்பு எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்க. மொத்தக் கருவள விகிதம் குடும்பநல ஆய்வில் 1.8, எஸ்.ஆர்.எஸ். 2020-இல் 1.4. ஸ்பெக்ட்ரத்தில் மக்கள்தொகையைக் கணிக்கும் டெம்ப்ராஜ் பகுதி ஆண்டுக்காண்டு பிறப்பைக் குறைத்துக்கொண்டே போனால், பிறப்பு குறைந்ததால் குறைந்த இறப்பும் சேவையால் குறைந்த இறப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அடிப்படை ஓட்டத்திலும் திட்ட ஓட்டத்திலும் பிறப்பு வரிசை ஒன்றாகவே இருக்கணும்.

வார்டு நோட்டு

சின்னாறு சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் "பிரசவப் பகுதியில் செய்ய ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். 99.6 என்பது வாசல் தாண்டி உள்ளே வந்தவர்களின் கணக்கு. உள்ளே வந்த பிறகு கிடைக்க வேண்டிய சேவைகளைப் பிரசவம் நடந்த இடத்தை வைத்து டூல் தானாக நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கட்டங்களைத் திறந்து கையால் மாற்ற முடியும், மாற்றித்தான் ஆகணும்.

மெக்னீசியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்க. வலிப்பு வந்த தாயை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேலே அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய முதல் டோஸ் 10 கிராம், இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராமாக ஆழமாகப் போடணும். 50 சதவீதக் கரைசல் ஓர் ஆம்பூல் 2 மில்லி, அதில் 1 கிராம். ஆக பத்து ஆம்பூல் உடைக்கணும். எமர்ஜென்சி ட்ரேயில் ஆறுதான் இருக்கிறது என்றால் இருப்புப் பதிவேட்டில் "உள்ளது" என்று டிக் விழும், அந்தத் தாய்க்கோ முழு டோஸ் கிடைக்காது. மாதிரிக் கணக்கில் அந்த நிலையத்தின் கவரேஜ் பூஜ்யம்.

அதனால் மூன்று எண்களைப் பெருக்குங்க: வந்தவர்கள் பங்கு, அன்றைக்கு மருந்து–ஆள்–கருவி மூன்றும் தயாராக இருந்த பங்கு, தேவைப்பட்டவர்களில் சரியாகச் செய்யப்பட்ட பங்கு. உதாரணமாக 0.996 × 0.80 × 0.60 என்றால் 48 சதவீதம்தான். 48-இலிருந்து 80-க்கு ஏற்றுவதில் நிறைய இடம் இருக்கிறது. இரண்டாவது எண்ணுக்கு, முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் பிரசவ அறையில் போய் எண்ணணும், இரவு ஷிப்டில் போனால் இன்னும் நல்லது. மூன்றாவதற்குக் கேஸ் ஷீட். குலுக்கல் முறையில் 96 கேஸ் ஷீட் எடுத்தால் பத்துப் புள்ளி இப்படி அப்படி என்ற அளவில் எண் கிடைக்கும். லக்ஷ்யா (பிரசவ அறைத் தர மேம்பாட்டுத் திட்டம்) மதிப்பெண்ணைக் கவரேஜாகப் போடாதீங்க, அது ஏற்பாடுகளுக்கான மதிப்பெண், நோயாளி பெற்ற சிகிச்சைக்கானது இல்லை.

அடுத்தது பலன் எண்கள். டூலில் இயல்பாக நிற்கும் எண் எந்த ஆய்விலிருந்து வந்தது என்று பார்க்காமல் விடாதீங்க. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் முதிரப் போடும் கர்ப்பகால ஸ்டீராய்டு ஊசி நல்ல உதாரணம். பழைய தொகுப்பாய்வு குறைமாதக் குழந்தை இறப்பு 53 சதவீதம் குறையும் என்றது. 2015-இல் வந்த ஆக்ட் ஆய்வு பல நாடுகளில் ஊர்மட்டம் வரை பரவலாகக் கொடுத்துப் பார்த்தபோது, மொத்தப் பிறப்புகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 3.5 கூடியது. 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்ஷன் ஆய்வு, நல்ல கவனிப்பு உள்ள மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் கர்ப்ப வாரம் உறுதியான தாய்மார்களுக்கு 26 முதல் 33 வாரத்துக்குள் கொடுத்தபோது இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. அதாவது 16 சதவீதக் குறைவு. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் இல்லாத தாய்க்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பன்னிரண்டு மணிக்கொருமுறை நான்கு டோஸ் போட்டதை "கவரேஜ்" என்று சேர்த்தால், கெடுதலாகவும் முடியக்கூடிய ஒன்றை நன்மையாக எண்ணுகிறோம். டூலுக்கு அது தெரியாது. கவரேஜ் ஏறினால் இறப்பு குறையும் என்ற ஒரே திசைதான் அதற்கு.

கங்காரு பராமரிப்புக்கும் (குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக வைத்திருப்பது) இதே கதை. 2010 தொகுப்பாய்வில் 2,000 கிராமுக்குக் கீழ் உள்ள, நிலைமை சீரான குழந்தைகளில் 51 சதவீதக் குறைவு. நம்பக எல்லையைப் பார்த்தால் 18-இலிருந்து 71 வரை விரிகிறது. 2021-இல் வந்த உடனடி கங்காரு ஆய்வு (இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா) 1.0 முதல் 1.799 கிலோ வரை உள்ள குழந்தைகளில் 25 சதவீதக் குறைவு காட்டியது. இந்த 25 என்பது, சீரான பிறகு கங்காரு கொடுப்பதற்கு மேல் கிடைக்கும் கூடுதல். இரண்டையும் ஒரே கட்டத்தில் மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

ஒரு கணக்கு. 180 பச்சிளங்குழந்தை இறப்பில் குறைமாதம் 80 என்று வைப்போம், பொருந்தும் பங்கு 0.6, கவரேஜ் 30-இலிருந்து 70. பலன் 0.51 என்றால் 0.204 ÷ 0.847 × 0.6 = 0.1445, அதாவது 11 அல்லது 12 உயிர். வழக்கமான கங்காரு ஏற்கெனவே நன்றாக நடக்கிற இடத்தில் உடனடி முறையை அதே 30-இலிருந்து 70-க்கு ஏற்றினால், பலன் 0.25 வைத்து 5 உயிர்தான். எஸ்.என்.சி.யு.-வுக்குள் (பச்சிளங்குழந்தைச் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) தாய்க்குக் கட்டில் போட இடமில்லை என்றால் அந்த 5-உம் காகிதத்தில்தான்.

இறப்புக் காரணப் பங்கையும் மாற்றணும். பதிவேட்டில் "மூச்சுத் திணறல்" என்று மட்டும் இருந்தால் பிறக்கும்போது அழாத குழந்தையா, நுரையீரல் முதிராத குறைமாதக் குழந்தையா என்று தெரியாது. எடை, கர்ப்ப வாரம், ஐந்து நிமிட ஆப்கர் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்), எந்த நாளில் இறந்தது என்ற நான்கையும் பார்த்துப் பிரியுங்க. 1,400 கிராம், ஆப்கர் 8, இரண்டாம் நாள் இறப்பு என்றால் அது குறைமாதக் கணக்கில் போக வேண்டியது. பிறந்து ஓரிரு முறை மூச்சு விட்டு இறந்த குழந்தை "இறந்து பிறந்தது" என்று எழுதப்படுவதும் உண்டு. ஒரு நிலையத்தில் இறந்து பிறந்தவை நிறைய, முதல் நாள் இறப்பு மட்டும் அதிசயமாகக் குறைவு என்றால் அந்தக் கேஸ் ஷீட்டுகளை வெளியே எடுங்க.

கேழ்வரகுக் களி

ஊட்டச்சத்துப் பகுதிக்கு வருகிறேன்.

நட்சத்திரக் குறி என்றால் 25 பேருக்கும் குறைவான மாதிரி, எண் அச்சிடவில்லை. அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேர். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தார்களா என்ற கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. ஒரு மாவட்டத்தில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். அதற்கெல்லாம் மாநில எண்ணைப் போட்டு, பக்கத்தில் "மாநில எண்" என்று எழுதிவிடுங்க. அடைப்புக்குறி எண்ணைப் போட்டு அதில் ஐந்து புள்ளி வித்தியாசத்துக்கு விளக்கம் தேடுவது வீண் வேலை.

எடைகுறைவை மெலிவுக் கட்டத்தில் போடாதீங்க. அங்கன்வாடிப் பதிவேட்டில் நெடுங்காலமாக இருப்பது வயதுக்கேற்ற எடை. டூல் கேட்பது உயரத்துக்கேற்ற எடை, தனியாக வயதுக்கேற்ற உயரம். உயரம் அளந்த பதிவு இருந்தாலும் அளந்த விதத்தைப் பாருங்க. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்கணும், மேலே நிற்கவைத்து. மாற்றி அளந்தால் சராசரியாக 0.7 சென்டிமீட்டர் திருத்தம் தேவை. 75 சென்டிமீட்டர் குழந்தையில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலே இசட் மதிப்பு (தரச் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்பது) கால் அளவுக்கு நகரும். குழந்தை காலை மடக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும்போது முழங்காலை அழுத்திப் பிடிக்க இரண்டாவது ஆள் இல்லையென்றால் ஒரு சென்டிமீட்டர் தவறுவது சாதாரணம். பதிவேட்டில் இசட் மதிப்புகளின் திட்ட விலக்கம் 1.2-ஐத் தாண்டினால் "கடும் மெலிவு" பங்கு பொய்யாகவே கூடியிருக்கும். அந்தப் பதிவேட்டை ஒதுக்கிவிடுங்க. கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்று எடுத்த பட்டியலும் இசட் பட்டியலும் ஒரே குழந்தைகளைக் காட்டாது. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்க.

மெலிவு எப்படி இறப்பாக மாறுகிறது என்று பார்ப்போம். டூலின் பின்னால் உள்ள தொடர் ஆய்வுத் தொகுப்பில் கடும் மெலிவுக்கு இறப்பு அபாயம் 11.6 மடங்கு, நடுத்தரத்துக்கு 3.4 மடங்கு. மாவட்டத்தில் கடும் மெலிவு 5 சதவீதம், நடுத்தரம் 9 சதவீதம் என்று வைத்தால் (லேசான மெலிவை இங்கே விட்டுவிட்டேன்) சராசரி அபாயம் 0.86 + 0.306 + 0.58 = 1.746. கடும் மெலிவில் பாதிப்பேரை நடுத்தரத்துக்கு நகர்த்தினால் 0.86 + 0.391 + 0.29 = 1.541. குறைவு 11.7 சதவீதம். சின்னாறு சொன்ன 132 இறப்பில் பாதி தொற்றால் என்று வைத்தால் ஆண்டுக்கு 7 அல்லது 8. கடும் மெலிவைப் பாதியாக்க ஆகும் உழைப்பை நினைத்தால் இந்த எண் சின்னதாகத் தெரியலாம். இருந்தும் இதை நான் மேல் எல்லையாகவே எடுப்பேன். அந்த அபாய மடங்குகள் இறப்பு அதிகமாக இருந்த காலத்து, இறப்பு அதிகமாக இருந்த இடங்களின் மடங்குகள். 108 வண்டியும் ஆன்டிபயாட்டிக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும் நல்லம்பள்ளிக் குழந்தைக்கு அதே மடங்கு பொருந்தும் என்று யாரும் காட்டவில்லை.

"ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்திலும் சத்துமாவிலும் கவரேஜ் என்பது பாக்கெட் வாங்கிய பங்கு இல்லை. வீட்டுக்குப் போன மாவைப் பெரியவர்களும் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அந்தக் குழந்தைக்குப் போய்ச்சேர்ந்தது கால் பங்காக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 180 நாள். கொடுத்த எண்ணிக்கை பிக்மியில் (மாநிலத்தின் கர்ப்பிணி–குழந்தைப் பதிவுத் தளம்) இருக்கும், விழுங்கிய எண்ணிக்கை இருக்காது. வீட்டுக்கு ஒரு முறை போய் மிச்சமுள்ள பட்டையை எண்ணினால்தான் தெரியும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடச் சொல்லியிருந்தாலும், காலையில் மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தாலும் உடம்பில் ஏறும் இரும்பு குறையும். டூல் முழுப் பலனைத்தான் கணக்கில் எடுக்கும்.

கேள்வியில் இல்லாத ஒன்று. பிறந்த ஒரு மணிநேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கியது தமிழ்நாட்டில் 60 சதவீதம் அளவில்தான். பிரசவம் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கிற மாநிலத்தில்! அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம் என்பதையும் பக்கத்தில் வையுங்க. தியேட்டரிலிருந்து தாய் வார்டுக்கு வரும்வரை குழந்தை பாட்டி மடியில் இருக்கிறது. பெரிய செலவில்லாமல் நகர்த்தக்கூடிய கட்டம் இது.

தொப்பையாறு

சார், மேடம், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. சொன்னபடி இரண்டு கோப்பாக ஓட்டிப் பார்க்கிறேன். மகப்பேறு மரணத்துக்கு மட்டும் இன்னும் தெளிவில்லை. மாநில எண் லட்சத்துக்கு 54 (2018–20) போட்டால், திட்டத்தால் ஆண்டுக்கு 0.7 உயிர் என்கிறது. 0.7 உயிர் என்று எப்படி எழுதுவது? கூட்டுத்தொகைக் கேள்வியும் நிற்கிறது.

மதகு

கூட்டுத்தொகை எளிது. வயிற்றுப்போக்கால் பத்து இறப்பு என்று வைப்போம். ஒரு தடுப்புச் சேவை 40 சதவீதம் குறைக்கும், ஓ.ஆர்.எஸ். 60-இலிருந்து 80-க்கு ஏறினால் 42 சதவீதம் குறைக்கும் (பலன் 93 சதவீதம் வைத்துப் பழைய சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்க). தனித்தனியாக 4 + 4.2 = 8.2. ஆனால் தடுப்பு முதலில் நாலு பேரைக் காத்த பிறகு ஓ.ஆர்.எஸ்.-க்கு மிச்சமிருப்பது ஆறு பேர்தான், அதில் 2.5. மொத்தம் 6.5. டூல் இந்த வரிசையில்தான் போகிறது: கர்ப்பகாலம், பிரசவம், தடுப்பு, கடைசியில் சிகிச்சை. அறிக்கைக்குச் சேர்த்து ஓட்டிய எண் மட்டும். சேவைவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை வரிசையைப் பொறுத்தது என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்க. இல்லையென்றால் பின்னால் வரும் சிகிச்சைகளுக்கெல்லாம் "பலன் குறைவு" என்று நிதியை வெட்டுவார்கள்.

மகப்பேறு மரணத்தில் 20,000 பிறப்புக்கு எதிர்பார்ப்பு 10.8. இவ்வளவு சின்ன எண்ணில், எதுவுமே மாறாவிட்டாலும் ஓராண்டில் 5-உம் வரலாம், 17-உம் வரலாம். விகிதம் 54-இலிருந்து 45-க்கு உண்மையிலேயே இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தாண்டு மரணங்களைச் சேர்த்தால் 54-க்குப் பதில் 45. அந்த 9 வித்தியாசத்தின் திட்டப் பிழை 10. மாவட்ட எண்ணை வைத்துத் திட்டம் வென்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே 0.7 என்று எழுதாதீங்க. "ஐந்தாண்டில் 3 முதல் 4, உள்ளீடுகளின் ஐயத்தையும் சேர்த்தால் 1 முதல் 7" என்ற மாதிரி வீச்சாக எழுதுங்க. அந்த வீச்சு உங்கள் உள்ளீட்டிலிருந்து வரணும், என் எண்ணைப் போட்டுவிடாதீங்க.

வீச்சு எடுக்க எக்செல் போதும். ஆயிரம் வரிசை போடுங்க. ஒவ்வொரு வரிசையிலும் பலனை லாக் அளவில் நார்மல் பரவலிலிருந்தும், கவரேஜை பீட்டா பரவலிலிருந்தும் (96 கேஸ் ஷீட்டில் 46 சரி என்றால் பீட்டா 47, 51), அடிப்படை இறப்பை எஸ்.ஆர்.எஸ்., குடும்பநல ஆய்வு என்ற இரண்டு எல்லைக்கு நடுவிலிருந்தும் இழுங்க. வரும் ஆயிரம் விடையை ஏறுவரிசையில் அடுக்கினால் 25-ஆவதும் 975-ஆவதும்தான் உங்கள் எல்லைகள். செய்து பார்த்தால் அடிப்படை இறப்பு ஒன்றே வீச்சில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

மகப்பேற்றில் இன்னொரு பலன் எண்: ரத்தப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம். 2017 வுமன் ஆய்வில் ரத்தப்போக்கு மரணம் மொத்தத்தில் 19 சதவீதம் குறைந்தது, மூன்று மணிநேரத்துக்குள் கொடுத்தவர்களில் 31 சதவீதம். பிந்திய ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு கரைகிறது, மூன்று மணிநேரத்துக்கு மேல் பலனே இல்லை. சித்தேரி மலையிலிருந்து கீழே இறங்கி அரூர் வந்த பிறகுதான் முதல் கிராம் ஏறும் என்றால் 0.31 என்று போடக் கூடாது. மலைக்கு மட்டும் தனிக் கோப்பு போடவும் வேண்டாம், அங்குள்ள பிறப்பு எண்ணிக்கைக்கு டூல் அர்த்தமுள்ள விடை தராது. கவரேஜை மட்டும் மலை, சமவெளி என்று பிறப்பு எண்ணிக்கை எடையில் சராசரி எடுத்து மாவட்டத்துக்கு ஒரே எண்ணாகப் போடுங்க.

தீர்த்தமலை

ஒரு மாற்றுக் கருத்து. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மகப்பேறு மரணம் நடக்கிற மாவட்டத்தில் அதற்கு மாதிரியே தேவையில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் ஆய்வு நடக்கிறது. ஐந்தாண்டு ஆய்வறிக்கைகளை எடுத்து மேசையில் வைத்து, ரத்தம் எங்கே தாமதம், ரெஃபரல் எத்தனை இடம் மாறியது, பிரசவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தத்தை யார் பார்த்தார்கள் என்று எண்ணுங்க. டூலின் காரணப் பட்டியலில் இதய நோய் மாதிரியான மறைமுகக் காரணங்களுக்கு ஏற்ற சேவையே கிடையாது என்று சொல்லலாம், தமிழ்நாட்டில் அந்தப் பங்கு குறைவானதில்லை. மாதிரியைக் குழந்தை இறப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க.

டூல் தொடவே முடியாத இன்னொன்றும் இந்த மாவட்டத்தில் உண்டு. இயற்கையில் முதல் மாதத்தில் ஆண் குழந்தை இறப்புதான் சற்று அதிகம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் தர்மபுரிக்கு வந்தது சும்மா இல்லை. 2011 கணக்கெடுப்பிலும் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட பாலின விகிதம் ஆயிரம் ஆணுக்கு 913 பெண்தான். பச்சிளங்குழந்தை இறப்பை ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்க. ஏதாவது வட்டாரத்தில் பெண் இறப்பு மேலே நின்றால், அந்தக் கூடுதலை மருத்துவச் சேவையால் குறையும் இறப்பாகக் காட்டாதீங்க. அடிப்படையிலிருந்து தனியே எடுத்து வையுங்க.

மதகு

ஒப்புக்கொள்கிறேன். மகப்பேற்றுக்கு ஆய்வறிக்கை முன்னால், மாதிரி பின்னிணைப்பில். ஆனால் பணம் ஒதுக்குகிறவர் குழந்தையையும் தாயையும் ஒரே அட்டவணையில் கேட்பார், அதனால் ஓட்டாமலும் இருக்க முடியாது.

தளி ரோடு

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு, உங்களுக்கும் பொருந்தும். இறப்பும் பிறப்பும் ஒரே ஊர்க் கணக்கில் இருக்கணும். பிறப்பு–இறப்புப் பதிவு நடந்த இடத்தில் பதிவாகிறது, குடியிருக்கும் இடத்தில் இல்லை. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பெண்கள் பெங்களூரில் பிரசவிக்கிறார்கள். தர்மபுரியில் கவலைக்கிடமான குழந்தை சேலத்துக்குப் போகிறது, அங்கே இறந்தால் சேலத்துக் கணக்கு. உங்கள் மருத்துவக் கல்லூரியில் இறப்பதில் ஒரு பகுதி எங்கள் மாவட்டக் குழந்தை. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் ஒரு வட்டாரத்தில் பதிவு, இன்னொரு வட்டாரத்தில் பிரசவம். ஓசூரில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பம் பிரசவத்துக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்டால் குழந்தை என்ன ஆனது என்றே பதிவு இல்லை. "உயிரோடு" என்ற நிலையிலேயே நிற்கும்.

பிக்மி எண்ணைச் சாவியாக வைத்து, தாயின் நிரந்தர முகவரி மாவட்டத்தால் பிறப்பையும் இறப்பையும் வடிகட்டுங்க. சேலம், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களின் குழந்தை இறப்புப் பட்டியலிலும் உங்கள் மாவட்ட முகவரி உள்ளவர்களைத் தேடிச் சேருங்க. பெங்களூர்ப் பிரசவங்களுக்குக் கிராம சுகாதார செவிலியரின் 42-ஆம் நாள் வீட்டு வருகைப் பதிவுதான் ஒரே வழி. அதில் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதியவர்களைத் தனிப் பத்தியில் எண்ணி, அவர்களை உயிரோடு என்று ஒரு முறையும் விட்டுவிட்டு ஒரு முறையும் ஓட்டுங்க. இதைச் செய்யாமல் காரணப் பங்கு போட்டால் சேலத்துக்கு அனுப்பப்பட்ட குறைமாதக் குழந்தைகள்தான் முதலில் விடுபடுவார்கள், பிறகு கங்காருவுக்கும் சீபாப்புக்கும் (அழுத்தக் காற்றால் மூச்சுவிட உதவும் கருவி) பலன் இல்லை என்று டூல் சொல்லும்.

தொப்பையாறு

நிரந்தர முகவரிப் பத்தி பாதி வரிகளில் காலியாக இருக்கிறது சார். கணவன் வீட்டு முகவரியா, தாய்வீட்டு முகவரியா?

தளி ரோடு

காலியாக இருந்தால் பதிவு செய்த துணை சுகாதார நிலையத்தின் குறியீடு. முகவரி இரண்டு இருந்தால் கணவன் வீடு, ஏனென்றால் ஒரு மாதத்துக்குப் பிறகு குழந்தை வளர்வது அங்கேதான். பச்சிளங்குழந்தைப் பகுதிக்கு மட்டும் தாய்வீட்டு முகவரியில் இன்னொரு தடவை ஓட்டி, வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்க. மாவட்டத்துக்குள்ளேயே வட்டாரம் மாறினால் கவலை வேண்டாம், மாவட்ட எல்லை தாண்டியவர்களை மட்டும் திருத்தினால் போதும்.